அதை விபத்து என்று எழுதாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு நம் சந்திப்பில், ஓர் இளைஞன் சிவப்பு விளக்கை மீறி ஓட்டிவந்த கார், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மீண்டும் பகிர எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்மணியின் உடல்கூட வீட்டுக்கு வந்து சேராத நேரத்தில், நான் மதிக்கும் நண்பர்கள் சிலர் "துரதிர்ஷ்டவசமான விபத்து", "பையனுக்கு நேரம் சரியில்லை", "யாரைக் குற்றம் சொல்வது, எல்லாம் விதி" என்றெல்லாம் எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அது விபத்து அல்ல. காணொளியை இன்னொரு முறை பாருங்கள். சிவப்பு விழுந்து மூன்று நொடிகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. பக்கத்துத் தடங்களில் இரண்டு வண்டிகள் ஒழுங்காக நின்றுவிட்டன. அந்த இரண்டையும் பார்த்து, அவற்றை ஒதுக்கிவிட்டு, ஓரமாகப் புகுந்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு கார் வருகிறது. நிற்கக் கூடாது என்று முடிவு செய்த ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காற்றில் மரம் முறிந்து தலையில் விழுந்தால் விபத்து என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இது ஒரு முடிவு. அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

தமிழில் விதி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்திருக்கிறோம். அவர் மீறியது சாலை விதியை. நாம் பழியைப் போடுவது தலைவிதியின் மேல். சொல் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது நமக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறது.

நான் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாக நினைக்க வேண்டாம். பிஎம்ஜே என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழ், பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே அறியத்தக்கவை, தடுக்கத்தக்கவை என்று கூறி, 'விபத்து' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து விலக்கப்போவதாக 2001ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. தினமும் அடிபட்டவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கான இதழ் அது. அவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தியிருக்கிறது, நமக்கு உறுத்தவில்லை.

வேகம் என்றால் என்னவென்று ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம்? மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். செல்பேசியில் வந்த செய்தியை மூன்று நொடி குனிந்து பார்த்தால், 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி ஏற்படும் மோதலுக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் நேரம் சரியில்லை என்பதற்கு எங்கே இடம் இருக்கிறது? நெருக்கடியான நகரத்தில் இப்படி விரட்டிக்கொண்டு போகிறவர் அடுத்த சிக்னலில் எனக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார். நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இதை நான் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் அப்பாவுக்கு 74 வயது இருக்கும்போது, ஜீப்ரா கிராசிங்கில், கடைசி இரண்டு பட்டைகள் மட்டுமே பாக்கி இருந்த இடத்தில், ஒரு பைக் அவரை அடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவருடைய சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். முதுகுப் பக்கம் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழாக வெட்டியிருந்தார்கள். முன்பக்கம் பொத்தான்கள் எல்லாம் போட்டபடியே இருந்தன. வீட்டிலிருந்து கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று அவர் போட்டுக்கொண்ட பொத்தான்கள்.

ஓட்டிய இளைஞன் வார்டு வாசலில் நின்று அழுதான். "கவனிக்கலை சார், அவசரமா போயிட்டிருந்தேன்" என்றான். எங்கே போனாய் என்று கேட்டேன். "வீட்டுக்குத்தான் சார்" என்றான். காவல் நிலையத்தில் இருந்தவர், 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவன் அழுத முகம் கண் முன்னால் நின்றதால் நான்தான் 'எதிர்பாராத விதமாக' என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பா அதன்பின் பதினான்கு மாதங்கள் இருந்தார். நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு மாலை அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். பச்சை விழுந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, காலை எடுத்து வைக்கவில்லை. மூன்று முறை பச்சை வந்து போனது. "போகலாம்டா" என்றார், வீட்டுப் பக்கம் திரும்பி. அதற்குப் பிறகு அவர் தெருவைக் கடக்கவே இல்லை.

இனி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சாலையின் அமைப்பு சரியில்லை, தனி மனிதனைக் குறை சொல்லிப் பயனில்லை என்பீர்கள். இதில் நியாயம் இருக்கிறது. மனிதன் தவறுவான், அந்தத் தவறு உயிரை வாங்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையை 1997ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் 2024 ஜூலைக்குப் பிறகு ஓராண்டுக் காலம் ஒருவர்கூடச் சாலையில் சாகவில்லை. அங்கே பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு 30 கிலோமீட்டர்தான். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் நம் சந்திப்பில் அன்று சாலை என்ன குறை வைத்தது? விளக்கு எரிந்தது, கோடு தெளிவாக இருந்தது, இரண்டு வண்டிகள் நின்றும் காட்டின. மேலும், வேக வரம்பைக் குறைக்கலாம், கேமரா வைக்கலாம் என்று பேச்சு வரும்போது முதலில் எதிர்ப்பது யார் என்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நடக்கிறவர்களும் ஒழுங்காகக் கடப்பதில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அந்தப் பெண்மணி ஒழுங்காகத்தான் கடந்தார். இறந்தவரிடம் குற்றம் தேடுவதற்கு முன் காணொளியை முழுதாகப் பார்த்திருக்கலாம்.

சின்னப் பையன், அவன் எதிர்காலத்தை நினைத்துப் பாருங்கள் என்பதுதான் என்னை மிகவும் காயப்படுத்திய வாதம். நினைத்துப் பார்க்கிறேன். உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் சாலைகளில் இறக்கிறார்கள், நிமிடத்துக்கு இரண்டு பேருக்கு மேல். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் இதுதான். இளையவர்களின் எதிர்காலம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், அந்தக் கவலை மோதலுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பந்தயம் போல வண்டி ஓட்டும் பிள்ளையின் காணொளிக்குக் கைதட்டிவிட்டு, அவன் ஒருவரைக் கொன்ற பிறகு எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம். செத்துப்போனவருக்கு அடுத்த நாள் காலை என்று ஒன்று இருந்திருக்காதா? அதை யாரும் எழுதவில்லையே. மூன்று நாளாகத் தேடிப் பார்க்கிறேன், ஒருவர்கூட எழுதவில்லை.

அந்தக் காணொளியில் ஒரு கணம் இருக்கிறது. கடக்கத் தொடங்கும்போது, தனக்காக நின்ற அந்த இரண்டு வண்டிகளைப் பார்த்து அவர் கையை இலேசாக உயர்த்துகிறார். நன்றி சொல்வது போல. அப்பாவும் அப்படித்தான் செய்வார், யாராவது வண்டியை நிறுத்தினால்.

அன்று நான் கொடுத்த புகாரின் நகல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. 'எதிர்பாராத விதமாக' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்பா அதைப் படித்தாரா என்று கேட்கும் துணிச்சல் எனக்குக் கடைசி வரை வரவில்லை. நீங்கள் எழுதியதை இப்போதும் திருத்த முடியும். அந்தப் பெண்மணியின் வீட்டார் கண்ணில் படுவதற்கு முன் திருத்திவிடுங்கள்.