வீடியோ கால்ல எப்படிய்யா கை குலுக்குறது?

வெளிநாட்டுல வேலை தேடுற பசங்களுக்கு அட்வைஸ் சொல்றேன்னு கடை விரிச்சிருக்கிற ஆளுங்களைப் பார்த்தாலே காண்டாவுது. இண்டர்வியூ ட்ரெய்னிங்காம், ஐயாயிரம் ரூபாயாம். சொல்லித் தர்றது இன்னா தெரியுமா? டை கட்டு, சிரிச்ச மூஞ்சியா இரு, கையை அழுத்திக் குலுக்கு. முதல் ரவுண்டெல்லாம் வீடியோ கால்லதான் நடக்குது, யார் கையைக் குலுக்குறது? சிரிச்ச மூஞ்சியா இருக்கச் சொல்றதுன்னா எங்க பெரியம்மாவே தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் போற வழியில ஓசில சொல்லிட்டுப் போவாங்க.

என் தம்பி இங்கிலாந்துல சுற்றுச்சூழல் என்ஜினியரிங் மாஸ்டர்ஸ் முடிச்சிருக்கான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சே, அப்போ மீனவ அண்ணன்களோட படகுல ஏறி பக்கெட்டால எண்ணெய் அள்ளினவன். அவன் தேடுற வேலைக்கு இதைவிட இன்னா வேணும்? 'ஒரு சிக்கலை எப்படிச் சமாளிச்சீங்க'ன்னு அங்க அடிக்கடி கேக்குறாங்க. இன்னா நடந்துச்சு, உன் பொறுப்பு இன்னா, நீ இன்னா செஞ்சே, கடைசியில இன்னா ஆச்சுன்னு வரிசையா ரெண்டு நிமிஷம் பேச அவன்கிட்ட சரக்கு இருக்கு. அவனுக்கு ட்ரெய்னிங் குடுத்த நம்ம மேதாவி இன்னா சொன்னாரு? "அதெல்லாம் லோக்கல் மேட்டர்ப்பா, வேணாம். டீம் ப்ளேயர்னு சொல்லு. ஊர் கேட்டா சென்னையோட நிறுத்திக்க, கொருக்குப்பேட்டையெல்லாம் எதுக்கு?"

ஏன் சார், அங்க உக்காந்து கேள்வி கேக்குறவருக்குக் கொருக்குப்பேட்டையும் தெரியாது, அடையாறும் தெரியாது. கூச்சம் உங்களுக்குத்தான்.

விசா விஷயத்துல இன்னும் மோசம். 'இங்க வேலை செய்ய உரிமை இருக்கா, ஸ்பான்சர் வேணுமா', அதாவது விசாவுக்குக் கம்பெனி பொறுப்பேத்துக்கணுமான்றது அங்க ஆரம்பத்துலயே வர்ற கேள்வி. அதுக்கு இவரு, "நோ ப்ராப்ளம்னு சொல்லி சமாளி"ன்றாரு. இன்னாத்தை சமாளிக்கிறது? அங்க படிச்சு முடிச்சவங்களுக்குத் தர்ற கிராஜுவேட் விசா கையில இருந்தா ரெண்டு வருஷத்துக்கு ஸ்பான்சரே தேவையில்லை, அதை நேரா சொன்னா முடிஞ்சுது. 2027 ஜனவரி 1-லேர்ந்து விண்ணப்பிக்கிறவங்களுக்கு, பிஎச்டி தவிர, அது 18 மாசமா குறையப்போவுது. அப்புறம் கம்பெனி ஸ்பான்சர் பண்ற ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறணும்னா 2025 ஜூலையிலேர்ந்து பொதுவா வருஷத்துக்கு 41,700 பவுண்டு சம்பளம் காட்டணும். புதுசா படிச்சு வர்றவங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனா 33,400-க்குக் கீழ போகாது. கம்பெனிக்கு ஸ்பான்சர் லைசென்ஸும் இருக்கணும். எந்தெந்தக் கம்பெனிக்கு இருக்குன்னு அந்த அரசாங்கமே வெப்சைட்டுல லிஸ்ட் போட்டிருக்கு, காசு கேக்கல. அதைத் திறந்து காட்ட ஒரு நிமிஷம் ஆகுமா?

இங்க படிப்புக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் பேங்க்ல கெடக்குது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் ஆனா தவணை கட்டணும். அந்தப் பயத்துலதான் அப்பா இவருக்கு ஐயாயிரம் அழுதாரு.

நேத்து அந்த ஆளே போன் பண்றாரு. அட்வான்ஸ்டு ட்ரெய்னிங் இருக்காம், தம்பிக்குப் பாதி ரேட்டாம். நல்லா வாய்ல வந்துச்சு, அம்மா பக்கத்துல இருந்தாங்க, வெச்சிட்டேன்.