சைவ உணவும் முழுத்தாவர உணவும் ஒன்றல்ல

பாலும் நெய்யும் உட்பட விலங்குப் பொருள்களைத் தவிர்த்து, தவிடு நீக்காத தானியம், பயறு, காய்கறி போன்றவற்றையே உண்ணும் முழுத்தாவர உணவு முறையைப் பற்றிய கட்டுரையில், சைவம் உண்பவர்களுக்கு அது புதிதல்ல என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தீட்டிய வெள்ளையரிசி, தயிர், நெய், பொரித்த அப்பளம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருந்த எங்கள் வீட்டுச் சைவத்தில் தவிடு நீக்காத தானியமும் பயறும் கீரையும் தட்டின் ஓரத்தில்தான் இருந்தன. என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த பின்னரே மாப்பிள்ளைச் சம்பாவும் கொள்ளும் முளைகட்டிய பயறும் நடுவுக்கு வந்தன.

மோர் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்ற என் மாமியாரிடம் நான் வாதாடவில்லை. ஊறவைத்த நிலக்கடலையை அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு உறையவைத்து, அந்தத் தயிரை இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு மோராக்கிக் கொடுத்தேன். மறுநாள் அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். இப்போது பக்கத்து வீட்டாருக்கும் அவர்தான் செய்முறை சொல்கிறார்.

கட்டுரையில் விடுபட்ட ஒன்றையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். தாவர உணவிலிருந்து பி12 வைட்டமின் போதிய அளவில் கிடைப்பதில்லை. அதன் குறைபாடு இரத்தசோகையையும் நரம்புப் பாதிப்பையும் உண்டாக்கும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்பதால், இம்முறைக்கு மாறுபவர்கள் மருத்துவரைக் கலந்து பி12 மாத்திரையைத் தொடக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.