சாயங்காலம் கூட்டம் வையுங்கள், வருகிறோம்
பெற்றோர் பள்ளிக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் பள்ளி எந்த நேரத்தில் கூப்பிடுகிறது என்று கேட்டீர்களா? நான் கடலூர் முதுநகரில் எலக்ட்ரீஷியன். என் பெண் படிக்கும் அரசுப் பள்ளியில் கூட்டம் என்றாலே காலை பதினொரு மணிதான், அந்த நேரத்தில் நான் யாரோ ஒருவர் வீட்டில் ஏணி மேல் நிற்பேன், பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்றுக்கொண்டிருப்பார். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆனால் பல அம்மாக்களுக்குக் கையெழுத்துப் போட்டதோடு சரி.

அப்புறம், உதவி என்றால் நன்கொடை மட்டும் இல்லை. போன கோடை விடுமுறையில் நானும் இன்னொரு அப்பாவும் ஓடாத ஆறு ஃபேனைக் கழற்றி, கெப்பாசிட்டர் மாற்றி, ஓட வைத்தோம், செலவு சொற்பம்தான். 2011 தானே புயலில் எங்கள் ஊர்ப்பக்கம் விழுந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை; பள்ளி மைதானம் இன்னும் மொட்டையாகத்தான் கிடந்தது, நான்கைந்து பேர் சேர்ந்து வேம்பும் புங்கையும் வைத்தோம் (ஆட்டிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு). எங்கள் தெரு ஆயா ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து கதை சொல்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு பிள்ளை அசையாது.

டீச்சர்களுக்கு ஒன்றே ஒன்று: யாருக்கு என்ன வேலை தெரியும், எப்போது வர முடியும் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படம்தான் வருகிறது.