நாலு மாதத்தில் வளர்ந்த அட்டை

போன வருசம் "அளவு போதாது, தரம் போட முடியாது" என்று திருப்பி அனுப்பின அதே பழைய பேஸ்போல் அட்டைக்கு, அட்டைகளுக்குத் தரம் போடுகிற அதே கம்பனி, இந்த வருசம் பத்துக்கு 2 மார்க் போட்டு, ஸ்லாப் என்கிற பிளாஸ்டிக் கூட்டுக்குள் பூட்டி அனுப்பியிருக்கிறது. இடையில் நான் அட்டைக்கு உரம் போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. நாலு மாதம் ரொறன்ரோவில் மச்சானின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. குளிருக்கு வளர்ந்திருக்கும் போல.

கம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் "அவன்கள் அப்படித்தான், மற்றவனிட்ட அனுப்பியிருக்கலாமே" என்று நாலு பேர் வருவீர்கள். மற்றவனிடம் அனுப்பினவர்களின் ஒப்பாரியையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அட்டை இதுதான்: அமெரிக்கக் கம்பனியான டொப்ஸ் 1953இல் அச்சடித்த பேஸ்போல் வீரர் படத் தொகுதி, 220ஆம் இலக்கம், சாச்சல் பெய்ஜ். மட்டக்களப்பானுக்குப் பேஸ்போல் அட்டை எங்கால வந்தது என்று கேட்கிறவர்கள், அடுத்த முறை வெபர் மைதானத்தைத் தாண்டும்போது அந்தப் பெயர் யாருடையது என்று ஒருதரம் யோசியுங்கள். வெபர் சுவாமி நியூ ஓர்லியன்ஸ்காரர், யேசு சபைக் குரு. 1947இல் இங்கே வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்மாருக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அந்த நாளில் அவரைப் போல அமெரிக்கச் சுவாமிமார் வேறு பலரும் ஊரில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பார்சலுக்குள் கிடந்த அட்டை என் அம்மப்பாவின் கைக்கு வந்தது. எதற்குக் கொடுத்தார் என்று கேட்டால் அம்மப்பா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கதை சொல்வார். ஒருநாள் பந்து நல்லாகப் போட்டதற்கு, மற்றநாள் சுவாமியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்ததற்கு.

சாச்சல் பெய்ஜ் சும்மா ஆள் இல்லை. கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் அமெரிக்க பேஸ்போலின் பெரிய லீக் கதவு அவருக்கு 1948 வரை திறக்கவில்லை. திறந்தபோது வயது 42. மற்றவன் பேரப்பிள்ளை பார்க்கிற வயதில் அவர் முதல் ஆட்டம் ஆடினார். 1953 தொகுதியில் இருக்கிற முகங்கள் புகைப்படங்கள் அல்ல, வரைந்த ஓவியங்கள். அதனால் பெய்ஜின் கண் அந்தச் சின்ன அட்டைக்குள் இருந்து ஒருமாதிரிச் சோர்வோடு பார்க்கும். பெயரை அச்சடித்தவன் ஆங்கிலத்தில் ஒரு 'எல்' கூட்டிப் போட்டுவிட்டான். அந்தத் தொகுதியில் எல்லா சாச்சல் பெய்ஜும் எழுத்துப் பிழையோடுதான் பிறந்தார்.

பின்பக்கம் கீழே, ஒரு மூலையில், பென்சிலால் "1955 மார்கழி" என்று இருக்கிறது. அம்மப்பாவின் கை. 'ழி'யின் சுழி கீழே இறங்கி அச்சுக்கோட்டில் முட்டி நிற்கும். எனக்கு எழுதப் பழக்கியவர் அவர்தான், இன்றைக்கும் என் 'ழி' அப்படித்தான் கோட்டில் முட்டும்.

இப்போது ஸ்லாப்பின் மேலே ஒட்டியிருக்கிற துண்டில் 2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து போட்டிருக்கிறான். எம், கே. அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். அம்மப்பாவின் கையெழுத்து ஒரு குறை.

மச்சான் தொலைபேசியில் சொல்கிறார்: "மச்சான், அத ஒள்ளுப்பம் ரப்பரால அழிச்சிட்டு அனுப்பியிருந்தா 3 வந்திருக்கும்." அவருக்கு விளங்கவில்லை. அழித்தால் அது 'மாற்றம் செய்யப்பட்ட அட்டை'. அழித்த தடம் தெரிந்தால் எண்ணே கிடையாது. எழுதியிருந்தால் குறை, அழித்தால் களவு. இந்த ஞாயத்தை எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது?

அதோடு நின்றதா? இடப்பக்க மூலையில் சாயத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி. புளியந்தீவில் எங்கள் வீட்டு ஓடு முழுக்கப் பறந்த இரவு. அட்டை ஆங்கில அகராதிக்குள் இருந்தது, அகராதி அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரி தண்ணிக்குள் இருந்தது. மூன்றாம் நாள் அம்மம்மா அகராதியை வெயிலில் விரித்து, பிறகு அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாராம். அதனால்தான் அட்டை இன்றைக்கும் தட்டையாக இருக்கிறது. கம்பனிக்காரன் கணக்கில் அது 'நீர்க்கறை'. சரி, கறைதான், நான் மறுக்கவில்லை. எனக்கு 9ம் வேண்டாம், 10ம் வேண்டாம். 2 என்றால் 2.

என் கோபம் அந்த 'அளவு போதாது'வில். 1953 டொப்ஸ் அட்டை இப்போதைய அட்டையை விடப் பெரிது, சுமார் 67 மில்லிமீற்றர் அகலம், 95 மில்லிமீற்றர் உயரம். இன்றைக்குள்ள அளவு 1957இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்துத் துண்டுபோடும்போது கத்தி ஒரு மயிரிழை இங்கால போகும், அங்கால போகும். பழைய அட்டை பிடிக்கிறவன் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தொழிற்சாலையிலேயே குறைவாக வெட்டுப்பட்டதா, பிறகு எவனாவது ஓரத்தைச் சீவினானா என்று பிரித்துச் சொல்லத்தானே இவன் காசு வாங்குகிறான்? முதல் தரம் அளந்தவன் என்ன அளந்தான், எத்தனை மில்லிமீற்றர் குறைவு என்று ஒரு சொல் எழுதவில்லை. 40 டொலர் போனது. டொலர் 300 ரூபாய்க் கணக்கில் பன்னிரண்டாயிரம், தபால் செலவு வேறாக. நான் மகளின் கணிதப் பெட்டியில் இருந்த அடிமட்டத்தால் அனுப்ப முதலே அளந்து கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளையின் அடிமட்டத்துக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

ஓரம் சீவுவது பற்றிப் பேச இவர்களுக்கு வாய் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்போல் வீரரின் அட்டை தெரியும்தானே, 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வந்த தொகுதி. அதில் ஒன்றை 1991இல் 451,000 டொலருக்கு வாங்கினார்கள். அதே வருசம் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற தரம் போடும் கம்பனி மார்க் போட்ட முதலாவது அட்டையே அதுதான். போட்ட மார்க் 8. எண்பது வருசப் பழைய அட்டையின் ஓரம் சவரம் பண்ணின மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்கே முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். 2007இல் 28 லட்சம் டொலருக்குக் கைமாறியது. 2013இல், அதை ஒருகாலம் விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டியது தான்தான் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டினவனே வெட்டினேன் என்று சொன்ன அட்டைக்கு 8. அம்மிக்கல்லுக்குக் கீழே கிடந்த அட்டைக்கு 'அளவு போதாது'.

ஆனால் அதே வாக்னரில் இன்னொரு பிரதி, எஸ்.ஜி.சி. என்ற இன்னொரு தரம் போடும் கம்பனி 2 போட்டது, 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது. வெறும் 2. மடிப்பும் கசங்கலுமாக இருக்கிற அட்டைக்கு. வாங்கினவன் எண்ணையா வாங்கினான்? (என்னுடைய 2க்கு ஒரு ஆட்டோ டயர் வந்தால் அதிகம். அது வேறு கதை.)

பழைய அட்டைக்குப் பத்து மார்க் அளவுகோலே பொருந்தாது என்பது என் முடிவு. நேற்று அச்சடித்துப் பக்கெற்றில் இருந்து நேராக எடுத்த அட்டையையும், மூன்று தலைமுறை கைமாறி, மழையும் புழுக்கமும் கண்டதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறார்கள்.

காந்தி பூங்காவில் ஞாயிறு பின்னேரம் சந்திக்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். பழைய கிரிக்கெட் சிகரெட் அட்டை சேர்க்கிறவர். அவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது சோதனைப் பேப்பர் மீள்திருத்தம் மாதிரித்தானே?" இல்லை சேர். மீள்திருத்தத்தில் அந்தப் பிள்ளையின் சுட்டெண் இருக்கும், முதல் மார்க் பதிவில் இருக்கும். இங்கே ஸ்லாப்பை உடைத்து வெளியில் எடுத்து, புதுப் பிள்ளை மாதிரி மறுகா வரிசையில் நிற்பாட்டலாம். 6 வந்தால் உடை, அனுப்பு. மறுகா 6 வந்தால் உடை, அனுப்பு. ஒருநாள் 7 வரும். அன்றைக்குச் சந்தோசமாக விற்றுவிடுவான். உடைத்த ஸ்லாப்பில் இருந்த எண் துண்டுகளை யாரும் கம்பனியிடம் திருப்பி ஒப்படைக்காவிட்டால், கம்பனியின் கணக்கெடுப்பில் ஒரே அட்டை மூன்று அட்டையாக நிற்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் "இது அரிது, அது மலிவு" என்று ஊர் உலகம் விலை பேசுகிறது.

இன்னொன்றைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். அட்டையின் பெறுமதி கூடினால் கட்டணமும் கூடும். பெறுமதி எதனால் கூடும்? அவன் போடுகிற எண்ணால். நீங்கள் மலிவுக் கட்டணத்தில் அனுப்பி, அவன் பெரிய எண் போட்டுவிட்டால், "உங்கள் அட்டை இந்தக் கட்டணத்துக்கு மேலே போய்விட்டது, மிச்சக் காசைக் கட்டுங்கள்" என்று கடிதம் வரும். நகைக்கடையில் உரைகல்லில் உரசுகிறவன், கரட் கூடச் சொன்னால் தனக்குக் கூடக் காசு என்று வைத்திருந்தால் நம்மூர்ப் பெண்டுகள் விடுவார்களா? அந்தக் கல்லாலேயே எறிந்திருப்பார்கள்.

"பிறகேன் அனுப்பினாய்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். உண்மையைச் சொல்கிறேன். மட்டக்களப்பில் இருந்து ஒருத்தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, 1953 அட்டை என்னிடம் இருக்கிறது என்றால் எவன் நம்புவான்? போலி அச்சு மலிந்து கிடக்கிறது. அசல்தான் என்று சொல்ல ஒரு மூன்றாம் ஆள் தேவை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் காசு கொடுக்கவும் ஆயத்தம். அசல், அளவு இவ்வளவு, ஓரம் வெட்டப்படவில்லை, பின்பக்கம் எழுத்து இருக்கிறது. நாலு வரி எழுதித் தா, போதும். எண் எதற்கு? எண் போட்டால்தான் அரை மார்க்குக்கு ஏங்கி நாங்கள் திரும்பத் திரும்ப அனுப்புவோம், அதுதானே வியாபாரம்.

கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகலாம் என்றால், பி.எஸ்.ஏ.யின் முதலாளி 2024இல் எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டார். இந்தக் கடையில் சண்டை பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் கல்லாவில் அதே ஆளின் கை.

நேற்று இரவு மச்சான் மறுபடி எடுத்தார். "உடைச்சு இன்னொருக்கா அனுப்புவமா? 3 வர வாய்ப்பிருக்கு." பாக்குவெட்டியைக் கையில் எடுத்து ஸ்லாப்பின் ஓரத்தில் வைத்தும் பார்த்தேன். இருபத்திநாலாயிரம் ரூபாய் கண்ணுக்குள் வந்தது, கை இறங்கவில்லை. இப்போது சாச்சல் பெய்ஜ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கிறார். அட்டையைத் திருப்பினால் மார்கழி தெரிகிறது, விரலால் தடவினால் பிளாஸ்டிக்.

அந்த அமெரிக்கச் சுவாமிமார் கொடுத்த அட்டைகள் இந்த ஊரில் வேறு வீடுகளிலும் கிடக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பழைய பைபிளுக்குள்ளோ, தகரப் பெட்டிக்குள்ளோ கண்டால், ஞாயிறு பின்னேரம் காந்தி பூங்காவுக்குக் கொண்டு வாருங்கள். ஈரக் கையால் தொடாதீர்கள், பின்னால் யாராவது எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். ஸ்லாப்போடு வருகிறவர் அடிமட்டத்தையும் கொண்டு வரவும்.