டேப் விசையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அதில் வேகம் என்றால் குரலின் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பார்வையுள்ளவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் "இதெல்லாம் உனக்குப் புரியுதா?" என்று வாயைப் பிளப்பார்கள். நமக்கும் அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை முழுக்கக் கேட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விடும். வேண்டாததைக் கேட்காமல் தாண்டிப் போகத் தெரிந்தவர்தான் என் கணக்கில் வேகமானவர்.

மஞ்சக்குப்பம் டீக்கடையில் கண் மங்கிய பெரியவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுபவர் முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பாரா? தலைப்பைச் சொல்வார், "வேணுமா, அடுத்ததுக்குப் போவட்டுமா?" என்பார். திரைவாசிப்பானும் அப்படிப் படிக்கும். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பார்த்த வரையில் பயிற்சி வகுப்புகளில் முதலில் சொல்லித் தருவது டேப் விசை. அப்புறம் கீழ் அம்பு. பெரும்பாலும் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. நெல்லிக்குப்பத்துத் தங்கை ஒருத்தி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். செய்திப் பக்கத்தைத் திறந்து கீழ் அம்பை அழுத்திக்கொண்டே போனாள். முகப்பு, தமிழகம், இந்தியா, உலகம், விளையாட்டு, சினிமா, ராசிபலன், அதற்குள் பன்னிரண்டு ராசி. செய்தி இன்னும் வரவில்லை. "ஏம்மா, இவ்வளவையும் கேக்கணுமா?" என்றேன். "எனக்குப் பொறுமை இருக்குண்ணா" என்றாள். "அதை பரிட்சைக்கு வச்சுக்க, இப்ப எச் விசையை அழுத்து" என்றேன். இரண்டாவது அழுத்தலில் செய்தித் தலைப்பு வந்துவிட்டது.

எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு. ஷிப்டோடு சேர்த்தால் முந்தைய தலைப்பு. 1 என்ற எண்ணை அழுத்தினால் முதல் நிலைத் தலைப்பு, செய்திப் பக்கங்களில் பெரும்பாலும் அதுதான் செய்தியின் தலைப்பு. அங்கிருந்து கீழ் அம்பு, உள்ளே போய்விடலாம். தலைப்பே வைக்காத பக்கமாக இருந்தால் 'என்' (N) விசை. இணைப்புக் கூட்டத்தைத் தாண்டி வெறும் எழுத்து தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடும். டேப் இருக்கிறதே, அது இணைப்பு, பட்டன், நிரப்பும் கட்டம் இவற்றில் மட்டும்தான் நிற்கும். செய்தியின் பத்திகளைத் தொடவே தொடாது. அதை வைத்துக்கொண்டு செய்தி படிக்கச் சொல்லித் தருவது என்ன நியாயம்?

நான் சொல்வது என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டேவும் சேர்ந்து வளர்த்த மென்பொருள். இருவருமே பார்வையற்றவர்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் எனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானை வைத்திருப்பவர்களுக்கும் எச் (H), என் (N) எல்லாம் இதேதான். உலகம் முழுக்கத் திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களிடம் வெப்எய்ம் என்ற அமைப்பு நடத்தும் கணக்கெடுப்பில், நீண்ட பக்கத்தில் தகவல் தேடும்போது முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தலைப்பு வழியாகப் போவோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நம் வகுப்பில் மட்டும் டேப்.

படிவம் நிரப்பும்போது வேறு தொல்லை. இ (E) விசை எழுதும் கட்டத்துக்கும், எக்ஸ் (X) டிக் செய்யும் பெட்டிக்கும், பி (B) பட்டனுக்கும் கொண்டுபோகும். சரி, கட்டத்துக்கு வந்தாயிற்று என்று பெயரை அடித்தால் பக்கம் அங்குமிங்கும் குதிக்கும். காரணம், நாம் இன்னும் உலாவும் நிலையில் இருக்கிறோம். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அது கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. என்டர் அழுத்தினால் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு அடியுங்கள். வெளியே வர எஸ்கேப். கணினி கெட்டுப்போச்சு என்று நிறைய பேர் மூடி வைத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

அட்டவணை பலருக்குப் பயம். பஸ் நேரப் பக்கத்தில் டி (T) அழுத்தி அட்டவணைக்குள் போய், கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசைகளை அழுத்துங்கள். புறப்படும் நேரம் என்ற நெடுவரிசையில் நின்று கீழே கீழே இறங்கினால் நேரம் மட்டும் வரிசையாக வரும். வேண்டிய நேரம் வந்ததும் பக்கவாட்டில் நகர்ந்தால் அது புதுச்சேரி வண்டியா சிதம்பரம் வண்டியா என்று தெரிந்துவிடும். போனிலும் இதெல்லாம் உண்டு: ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கில் மூன்று விரலால் தள்ளி 'தலைப்புகள்' தேர்ந்தெடுங்கள், ஐபோனில் இரண்டு விரலால் திருகுங்கள்.

இனி பக்கம் தயாரிப்பவர்களுக்கு. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகாது. கண்ணுக்குத்தான் தலைப்பு, எச் விசைக்கு அது சாதாரண வரி. தலைப்பு என்று குறியீடு போட வேண்டும். இணைப்புக்கு 'இங்கே சொடுக்கவும்' என்று பெயர் வைக்காதீர்கள். இன்செர்ட், எஃப்7 அழுத்தி இணைப்புப் பட்டியலை எடுத்தால் இருபது 'இங்கே சொடுக்கவும்' வரிசை கட்டி நிற்கிறது. எதைச் சொடுக்க?

தமிழுக்கென்று தனியாக ஒரு வேதனை உண்டு. பழைய பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தை மாட்டிவிட்டது, அவ்வளவுதான். அதில் அடித்த பிடிஎஃப்பைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, செமிகோலன், கே, எச் என்று வரும். தமிழைத் தமிழாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடு முறைக்கு 2010லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டாயிற்று. இன்னும் இந்த வகைக் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. படமாக அனுப்புவது அதைவிட மோசம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்த நாட்களில், எந்தப் பகுதிக்கு எச்சரிக்கை, எங்கே முகாம் என்பதெல்லாம் எனக்கு வந்தது படம் படமாக. திரைவாசிப்பான் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொன்னேன். அதே விஷயத்தை நாலு வரி எழுத்தாகவும் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே நான் சலுகை எதுவும் கேட்கவில்லை.

பக்கங்கள் திருந்தும் வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் யாராவது கற்றுக்கொள்ள நினைத்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம். மடிக்கணினியோடு ஹெட்போனும் எடுத்து வாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.