திடீரென்று போகவில்லை

ரெண்டு நாளாக, டிஸ்க்குகள் செத்துப்போன அந்த ஆபீஸ் சர்வர் விஷயத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்: "ரெய்டு போட்டுத்தான் வச்சிருந்தோம், ரெண்டு டிஸ்க்கும் ஒரே நாள்ல திடீர்னு போயிடுச்சு." இல்லை. ஒரே நாளிலும் போகவில்லை, திடீரென்றும் போகவில்லை.

ரெய்டு 1 என்றால் ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் பிரதியாக வைப்பது; ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். சர்வர் தானே எழுதிவைக்கும் லாகை எல்லோரும்தான் பார்த்தோம். முதல் டிஸ்க் மார்ச்சிலேயே ரெய்டு 1-ஐ விட்டு விழுந்துவிட்டது. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால், ஓடும் டிஸ்க்குக்கு ஒன்றாகச் சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' இருக்க வேண்டும். அங்கே ஒரு 'யூ', பக்கத்தில் ஒரு அடிக்கோடு. நாலு மாதம் அந்த அடிக்கோடு அப்படியே நின்றது. அது டெபியன் லினக்ஸ் ஓடும் பெட்டி. ரெய்டு குறைபட்டிருந்தால், அதைக் கவனிக்கும் எம்டிஏடிஎம் நிரல் தினம் ஒரு மெயில் போடும். போட்டிருக்கிறது. முகவரியை ரூட் (மெஷினின் நிர்வாகிக் கணக்கு) என்றே விட்டுவிட்டதால், நூறுக்கும் மேல் மெயில் அந்த மெஷினுக்குள்ளேயே ரூட்டின் பெட்டியில் கிடந்தது. ஒருவரும் திறக்கவில்லை.

சர்வர் சொன்னது. கேட்க ஆள் வைக்கவில்லை.

"ஸ்மார்ட் பாஸ்டுன்னுதானே காட்டுச்சு?" என்று கேட்கிறார்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கணக்கெடுப்பது. பாஸ்டு என்றால், கம்பெனி வைத்த எல்லைக்குக் கீழே எந்த மதிப்பும் இன்னும் இறங்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொடுத்தால் வரும் பட்டியலில் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். 5-ஆம் எண் மாற்றி ஒதுக்கிய செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு), 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 சோதனையில் படிக்கவே வராதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கேபிள் வழியே டேட்டா கெட்டதை எண்ணும் 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், டிஸ்க்கை அல்ல.

அடுத்த வாதம், ஸ்மார்ட் முன்கூட்டிச் சொல்லாது என்பதற்குக் கூகுளின் 2007 ஆய்வு. செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டவில்லை என்று அதில் இருப்பது உண்மைதான். அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன்னைத்தானே படித்துப் பார்க்கும்போது வரும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு என்றும் இருக்கிறது. அதை ஏன் யாரும் எடுத்துப் போடவில்லை? இங்கே இரண்டாவது டிஸ்க்கில் 197 பூஜ்யமாக இல்லை. லாகில் இருக்கிறது.

பேக்கப் எங்கே என்று கேட்பவர்களுக்கு: சரியான கேள்வி, தனியாகப் பேசுவோம்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். யார் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அலையாசஸ் கோப்பில் ரூட்டுக்கு எதிரே மனிதர் படிக்கும் முகவரி ஒன்றை எழுதி நியூஅலையாசஸ் கட்டளை கொடுங்கள். மெயில் வெளியே போக ரிலே (மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் சர்வர்) வேண்டும், இல்லாவிட்டால் க்யூவிலேயே கிடக்கும். எம்டிஏடிஎம்மை மானிட்டர், ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் என்ற நாலு ஆப்ஷனோடு ஓட்டினால் ரெய்டுக்கு ஒரு சோதனை மெயில் வரும். ஸ்மார்ட்டைக் கவனிக்கும் ஸ்மார்ட்டி நிரலின் கான்ஃப் கோப்பில் தினம் ஒரு ஷார்ட் டெஸ்ட், வாரம் ஒரு லாங் டெஸ்ட். சோதனை மெயில் உங்கள் போனில் வந்து விழுகிறவரை எழுந்திருக்காதீர்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

ஒன்று விட்டுப்போச்சு. டிஸ்க் மாற்றும்போது லினக்ஸ் அதற்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயரை நம்பாதீர்கள். ரீபூட்டில் அது மாறலாம். ஒரு இடத்தில் அப்படி நம்பி நல்ல டிஸ்க்கையே உருவிவிட்டார்கள். சீரியல் நம்பரைப் பார்த்து ட்ரேயில் ஒட்டி வையுங்கள்.

இதையெல்லாம்விட மனசு ஆறாதது அந்த நைட் ஷிப்ட் தம்பி விஷயம். "அவன் கை வச்சான், போச்சு" என்கிறார்கள். அவன் செய்தது, சொன்னபடி புது டிஸ்க்கைப் போட்டு ரீபில்ட் ஆரம்பித்தது மட்டும்தான். ரீபில்ட் என்றால் புது டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பது; அதற்கு மிச்சமிருக்கும் டிஸ்க்கை முதல் செக்டர் முதல் கடைசி வரை படித்தாக வேண்டும். மாதக்கணக்கில் யாரும் தொடாத, படிக்க வராத செக்டர் அப்போதுதான் மாட்டும். இரண்டு டிஸ்க்கும் நன்றாக இருக்கும்போது மாதாந்திரச் சோதனை ஓடினால், அந்த செக்டரை இன்னொரு பிரதியிலிருந்து எழுதிச் சரிசெய்துவிடும். மார்ச்சுக்குப் பிறகு அந்த இன்னொரு பிரதியே கிடையாது. அவன் போகாமல் நீங்களே போய் அந்த டிஸ்க்கை மாட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்து மூணு மாதம்கூட ஆகவில்லை அவனுக்கு. முதல் டிஸ்க் விழுந்த அன்று அவன் அந்த ஆபீஸிலேயே இல்லை. அவன் பெயரைப் போட்டு எழுதிய அந்த மெயிலைத் திரும்ப வாங்குங்கள்.