போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து ஹப் வாங்காதீர்கள்

லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் செருகி டிவி, சார்ஜர், மவுஸ் எல்லாவற்றையும் இணைக்க உதவும் சின்னப் பெட்டிதான் ஹப். பயணத்துக்கு அதை வாங்குபவர்கள் எத்தனை போர்ட் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் படத்தை வெளியே அனுப்புமா என்பதைத்தான், ஏனென்றால் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும்தான், எவ்வளவு நல்ல ஹப்பைச் செருகினாலும் டிவியில் ஒன்றும் வராது.

அப்புறம் சார்ஜ். பெட்டியில் போட்டிருக்கும் 100 வாட் பெரும்பாலும் சார்ஜரிலிருந்து ஹப் உள்ளே வாங்கும் அளவு. தன் வேலைக்கு 10, 15 வாட் ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்கு விடும். நான் 65 வாட் சார்ஜரை ஹப்பில் செருகி ஓட்டல் அறையில் வீடியோ எடிட் செய்தேன், சார்ஜ் ஏறுவதாகக் காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது! ஒரு படி பெரிய சார்ஜராக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹப்பில் 4கே (மிகத் தெளிவான படம்) என்று போட்டிருந்தால் 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா, அதாவது திரையில் படம் நொடிக்கு 30 முறை மாறுமா 60 முறை மாறுமா என்று கேளுங்கள். 30 என்றால் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும், நாள் முழுக்க அதில் வேலை பார்த்தால் கண் வலிக்கிறது.

இன்னொன்று, வயர்லெஸ் மவுஸோடு வரும் சின்ன யூஎஸ்பி ரிசீவரை (டாங்கிள்) ஹப்பில் செருகினால் சில நேரம் மவுஸ் விட்டு விட்டு ஓடும். ஹப்பின் வேகமான யூஎஸ்பி 3 போர்ட் கிளப்பும் மின் இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. மவுஸ் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிவிடாதீர்கள், டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கம் மாற்றிப் பாருங்கள், எனக்கு உடனே சரியானது.